பேத்தி அளக்க வந்த ஐந்து மாடிக் கந்தோர்

போன சோளகக் காற்றுக்கு, கொதிக்கிற வெயில் காலத்தில், நான் மன்னார் போய் வந்தேன். கோயிலுக்கும் இல்லை, ஆஸ்பத்திரிக்கும் இல்லை. அங்கே அலுவலகத்துக்கென்று புதிதாகக் கட்டியிருக்கிற ஐந்து மாடிக் கந்தோருக்கு. அந்தக் கட்டடம் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று அளக்க என் பேத்தி தர்சினி கொழும்பில் இருந்து வந்திருந்தாள். அவளை ஒரு இரவுக்காவது எங்கள் வீட்டுக்குக் கூட்டி வரவேண்டும் என்றுதான் வெளிக்கிட்டேன்.

தர்சினிக்கு இருபத்துநாலு வயது. மகள் கலியாணம் முடித்துக் கொழும்பில் இருந்ததால் அங்கேயே பிறந்தவள். அவள் வளர்ந்த காலம் முழுக்கச் சண்டையால் பாதை பூட்டு, நாங்கள் ஊர் ஊராய் இடம்பெயர்ந்து திரிந்தோம். இப்போது மீளக் குடியேறி, வீட்டுத்திட்டத்தில் வீடும் கட்டி முடித்தாயிற்று. ஆனால் அவளுக்கு லீவு கிடைப்பதில்லை. எங்கள் வாசல் படலையைக்கூட நாங்கள் போனில் அனுப்பிய படத்தில்தான் அவள் கண்டிருக்கிறாள். "திங்கள் பின்னேரத்தோட அளவு முடிஞ்சிடும் அம்மம்மா. உங்களிட்ட வந்து ஒரு இரவு நிண்டிட்டு, விடியப் போறன்" என்றாள். வருவாள் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை இல்லை. நானே போனேன்.

எங்கள் ஊர் முருங்கன் சந்தியில் இருந்து உள்ளே மூன்று மைல். ஓட்டோவுக்கு இருநூறு ரூபாய். சந்தியில் முதல் பஸ் காலை ஏழு மணிக்கு. மன்னாருக்கு முக்கால் மணித்தியாலம், ஐம்பது ரூபாய் கொடுத்தால் சில்லறை மிச்சம் வரும். என் மடியில் பெரிய சாப்பாட்டுக் கூடை.

"என்ன ஆச்சி, பஸ் முழுக்கச் சாப்பாடு குடுக்கப் போறியளோ?" என்றான் கொண்டக்டர்.

"என்ர பேத்திக்குத் தம்பி. பெரிய கந்தோரில கரண்ட் அளக்கிறாள்."

"அப்பிடியெண்டால் எங்கட வீட்டு பில்லையும் ஒருக்காக் குறைக்கச் சொல்லுங்கோ."

"உனக்கு பில்லாவது வருது. எங்கட ஊருக்கு இன்னும் கரண்ட் போஸ்டே வரேல்லை."

பஸ் சிரித்தது. நான் சொன்னது உண்மைதான். மன்னாருக்குப் போகிற கரண்ட் கம்பி பெருந்தெருவோடு கூடவே ஓடுகிறது, எங்கள் ஊர்ப் பக்கம் திரும்பவில்லை.

வங்காலைத் திருப்பம் தாண்டிப் பாலத்தில் ஏறியதும் காற்று சேலையைப் பிய்த்தது. அவ்வளவு காற்றுக்கு நடுவே அந்தக் கட்டடம், ஒரு யன்னலும் திறக்க முடியாதபடி முழுக்கக் கண்ணாடியில் நின்றது. வெயில் அடிக்கிறதென்று உள்ளே திரையை இழுத்து மூடியிருந்தார்கள். திரை மூடினால் இருட்டு, அதனால் பட்டப்பகலில் லைற். பின்பக்கம் ஏசிப் பெட்டிகள் ஊதுகிற வெக்கைக்கு மன்னார்க் கழுதைகள்கூட அந்த நிழலில் நிற்கவில்லை.

தர்சினி ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். கழுத்தில் அட்டை, கையில் மீற்றர். மூன்றாம் மாடியில் கம்பிகளோடு கொழுவியிருந்த ஒரு சின்னப் பெட்டியைக் காட்டினாள். அந்த மாடி நிமிசத்துக்கு நிமிசம் இழுக்கிற கரண்டை அது பதிகிறதாம். ஜெனரேற்றர் குடிக்கிற டீசல், ஏசியில் கசிகிற வாயு, எல்லாம் கணக்கில் வருமாம்.

"இதெல்லாம் ஏன் பிள்ளை அளக்கிறியள்?"

"இந்த லைற் எரிய எங்கயோ நிலக்கரி எரியுது அம்மம்மா. அந்தப் புகை வானத்தில நிண்டு வெக்கையை வெளியில விடாது. நீங்கள் முதல் இருந்த தகரக் கொட்டில் மாதிரி."

எனக்கு உடனே விளங்கிவிட்டது. அந்தத் தகரத்துக்குக் கீழே இரண்டு வருசம் வெந்தவள் நான்.

அந்த மாடியில் ஒரு கிளாக்கர்ப் பிள்ளை கம்பளிச் சுவெற்றர் போட்டிருந்தாள். மன்னாரில், சோளகத்தில்! "குளிரைக் குறைக்கலாமே மகள்?" என்றேன். "குறைச்சால் பெரியவருக்கு வேர்க்கும் ஆச்சி. சுவெற்றர் வாங்கிறது லேசு" என்றாள்.

மத்தியானம் எல்லோரும் சாப்பிட இறங்கினார்கள். தர்சினி கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னே போனாள். நான் கடைசி ஆள். திரும்பிப் பார்த்தேன். ஒரு சனம் இல்லை, லைற் எல்லாம் எரிகிறது, ஏசி ஓடுகிறது. ஜாம் போத்தலில் இரண்டு விரல் மண்ணெண்ணெய் விட்டு, திரியை நூலாக மெலித்து ஒரு கிழமை ஓட்டினவர்கள் நாங்கள். குண்டு போடுகிற பிளேன் இரைந்தால் அந்த விளக்கையும் ஊதி நூர்க்க வேண்டும். என் கை யாரையும் கேட்கவில்லை. சுவரில் இருந்த லைற், ஏசிச் சுவிச்சு எல்லாவற்றையும் நூர்த்துவிட்டு இறங்கினேன்.

பின்படியில் காற்றுக்குள் இருந்து சாப்பிட்டோம். எங்கள் வயல் அரிசிச் சோறு, கத்தரிக்காய்ப் பால்கறி. அவள் விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டாள்.

"உங்கட வீட்டில காத்து எந்தப் பக்கத்தால வரும் அம்மம்மா?"

"குளத்துப் பக்கத்தால. சாமி அறை யன்னலால உள்ள வந்து குசினியால வெளியில போகும்."

"அப்ப இரவைக்கு நான் அந்த யன்னலுக்குக் கீழதான் படுப்பன்."

மேலே வந்தால் மூன்றாம் மாடி இருட்டு. சனம் ஃபைலால் விசிறிக்கொண்டு இருக்கிறது. சுவெற்றர்ப் பிள்ளை சுவெற்றரைக் கழற்றிவிட்டு, "கரண்ட் போயிட்டுது" என்றாள். அரை மணித்தியாலமாய் எல்லோரும் அப்படியே இருந்திருக்கிறார்கள். கரண்ட் போவது எங்கள் சனத்துக்குப் பழகின விசயம், சுவிச்சை ஒருவரும் பார்க்கவில்லை. தர்சினி மட்டும் பெட்டியைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள்.

"ஆர் இதை நூத்தது?"

"நான்தான். ஆளில்லாமல் எரிஞ்சுது."

அவள் என்னை ஏசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எப்பவும் போல எரிஞ்சால்தான் கணக்கு நிக்கும் அம்மம்மா. நாளைக்குத் திருப்பி எடுக்க வேணும்."

"அதுக்கென்ன, இண்டைக்கு வந்திட்டு நாளைக்கு வாவன்."

"விடிய ஆறு மணிக்குப் பெட்டி கொழுவ வேணும். உங்கட முதல் பஸ் ஏழுக்கு. அளவு முடிஞ்ச கையோட எல்லாரும் வான் வண்டியில கொழும்பு போறம்."

என்னை இரவு நிற்கச் சொல்ல, அவளும் கூட வேலை செய்கிறவர்களும் தங்கியிருந்த அறையில் இடமில்லை, நாலு பிள்ளைகள் படுக்கிறார்கள். ஐந்தரை பஸ்ஸில் நான் தனியே ஏறினேன். பஸ் திரும்பும்வரை அவள் தெருவில் நின்றாள்.

பிள்ளைகளைப் பார்க்க இப்படியான கந்தோருக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். வெளியே எவ்வளவு வெயில் என்றாலும் ஒரு சால்வை கொண்டு போங்கோ. ஆறு மணிக்குப் பிறகு பஸ் இல்லை. சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கோ, பின்படியில் நல்ல காற்று. ஒரு சுவிச்சிலும் கை வைக்கவேண்டாம் என்று சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஆளில்லாத அறையில் லைற் எரிந்தால் நான் இன்னும் நூர்ப்பேன்.

போன மாதம் தர்சினி போன் எடுத்தாள். அறிக்கை குடுத்தாயிற்றாம். ஏசிக் குளிரைக் குறைக்கவும், சில கண்ணாடியைத் திறக்கிற யன்னலாக மாற்றவும் எழுதியிருக்கிறார்களாம். எனக்குப் பெருமை பொறுக்கவில்லை.

"நான் வந்த திங்கட்கிழமையையும் எழுதினியளோ?"

"இல்லை அம்மம்மா. அந்த நாளைக் கணக்கில இருந்து எடுத்திட்டம்."

சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அவளோடு ஒரு பகல் இருந்தேன் என்று சொல்ல எனக்கு அந்த நாள் ஒன்றுதான் இருக்கிறது.