டம்மிக்குப் போட்ட பெல்ட்

எங்கள் பனியன் கம்பெனிக்கு, ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டு பையர் ஒரு டம்மி பொம்மை அனுப்பியிருந்தார். ஐந்து வயதுப் பிள்ளையின் அளவு. குழந்தைச் சட்டைகளை அதற்குப் போட்டுத்தான் அளவு சரிபார்க்க வேண்டும். அதில் கீறல் விழுந்தால் ஆர்டரே போச்சு என்று முதலாளி கையைத் துடைத்துக்கொண்டுதான் அதைத் தொடுவார்.

அதைப் பல்லடத்துத் தையல் யூனிட்டுக்குக் கொண்டுபோகும் வேலை செக்கிங் சூப்பர்வைசரான என் தலையில் விழுந்தது. பள்ளிக்கூடம் லீவு என்பதால் மகளையும் கூட்டிக்கொண்டேன். அவளுக்கும் ஐந்து வயது. முதலாளியே டம்மியைக் கம்பெனிக் காரின் முன்சீட்டில் உட்கார வைத்து, பெல்ட் போட்டு, இழுத்துப் பார்த்து, தோளுக்கு ஒரு துண்டும் வைத்தார். நாங்கள் பின்னால் ஏறினோம். அங்கே பெல்ட் கண்ணில் படவில்லை, நானும் தேடவில்லை. பெற்றவள் கையைவிட ஒரு வார் பெரிதா என்று நினைக்கிற ஆள் நான்.

"கார் கம்பெனியில வண்டியச் சுவத்துல மோத உட்டுப் பாப்பாங்களாமுங்க்கா. உள்ள இதாட்டம் ஒரு டம்மிய வெப்பாங்களாம்," என்றார் டிரைவர்.

"அதுக்குச் சோறு போடுவாங்களா?" என்று கேட்டாள் மகள்.

பல்லடம் முக்கில் ஒரு தனியார் பஸ் சொந்தத் தோட்டத்துக்குள் நுழைவதுபோலக் குறுக்கே திரும்பியது. டிரைவர் பிரேக் அடித்தார். கார் மோதவில்லை. ஆனால் பெற்ற கை ஒரு நொடிகூடப் பிடிக்கவில்லை. மகள் பறந்துபோய் முன்சீட்டின் முதுகில் முகத்தை இடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. டம்மி புதுமாப்பிள்ளை கணக்காக அசையாமல் உட்கார்ந்திருந்தது.

டிரைவர் போனில் விஷயத்தைச் சொன்னார். "ஏஞ்சாமி, டம்மிக்கு ஒண்ணும் ஆகலையே?" என்றது முதலாளியின் குரல்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உதட்டில் இரண்டு தையலோடு மகளைக் கூட்டிக்கொண்டு கம்பெனிக்குத் திரும்பினோம். நேரே நூல் வெட்டும் கத்தரியை எடுத்துவந்து, பெல்ட் எங்கே போனது என்று பின்சீட்டின் கவரைக் கிழித்தேன். அது மிச்சத் துணியில் எங்கள் கம்பெனியிலேயே தைத்த கவர். உள்ளே இரண்டு பெல்ட்டும் கொக்கியோடு சுருண்டு கிடந்தன.

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். "பெல்ட்ட உள்ள வெச்சா தெச்சிருக்கறானுங்க? இதையப் பாஸ் பண்ணுனது ஆருங்க?"

கவர் மாட்டிய அன்று கையால் தடவிப் பார்த்து, ஒரு மேடு பள்ளம் இல்லை, அருமையான ஃபிட்டிங் என்று தையல்காரரைப் பாராட்டியது நினைவுக்கு வந்தது. மகள் வீங்கிய உதட்டோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான்தானுங்க," என்றேன்.