முத்துப்பாண்டி அண்ணே மாட்டின ஆன்டெனா

முத்துப்பாண்டி அண்ணே போயிட்டாரு.

நேத்து காலைல நெஞ்சு வலிக்குதுன்னு ஆட்டோல ஏறினவரு... ஆஸ்பத்திரி போய்ச் சேரல. அவரு மகன் போன் பண்ணி "அக்கா, அப்பா..."ன்னான்.

மதுரை பழங்காநத்தத்துல ஆட்டோ எலக்ட்ரீசியன். என் ஜீப்புல ஒரு வயர் விடாம அவரு கை பட்டது தான். என்னைய ஒரு நாளும் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல, எப்பவும் "தாயி" தான்.

எங்க வீட்டுல அப்பாவுக்கும் எனக்கும் ஹாம் ரேடியோ லைசென்ஸ் உண்டு. செல்போன் டவர் இல்லாத காட்டுல இருந்தும் ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் பேசலாம்... அப்பாவுக்கு அது தான் உசுரு.

ரெண்டு வருசத்துக்கு முந்தி அப்பாவுக்கு பக்கவாதம். வலது பக்கம் விழுந்து பேச்சும் போயிருச்சு.

அப்ப தான் நான் கட்ச் பாலைவனத்துக்கு ஜீப்புல போக எல்லா ஏற்பாடும் பண்ணி வச்சிருந்தேன். கேன்சல் பண்றேம்ப்பான்னு சொன்னா, முடியாதுன்னு தலைய ஆட்டுறாரு. இடது கையால ரேடியோவக் காட்டுறாரு, என்னையக் காட்டுறாரு, காதத் தொடுறாரு.

அங்க இருந்து நான் பேசுறத அவரு அந்த ரேடியோல கேக்கணுமாம். போன்ல இல்ல... ரேடியோல.

அம்புட்டு தூரம் பேசணும்னா வண்டில எட்டடி ஆன்டெனா வேணும். ஓடுனேன் அண்ணங்கிட்ட.

"ரூஃப்ல ஓட்டை போடச் சொன்னா வேற ஆளப் பாரு தாயி. மழை பேஞ்சா ஒன் தலையில தான் ஒழுகும்"னாரு எடுத்த எடுப்புலயே. நான் கத்த, அவரு கத்த, பக்கத்து டீக்கடையே வேடிக்கை பாத்துச்சு.

கடைசில பின்னாடி ஸ்டெப்னி பக்கத்துல கனமான இரும்புத் தகடு வச்சு அவரே ஒரு பிராக்கெட் அடிச்சாரு. இரும்போட இரும்பு ஒட்டுனாத் தான் எர்த் நல்லா கிடைக்கும்ணே, பெயின்ட்ட சொரண்டுங்கன்னேன். புது பெயின்ட்டு... மூஞ்சத் திருப்பிக்கிட்டே சொரண்டுனாரு மனுசன்.

மறுநாள் நானும் அண்ணனும் வண்டிய திருப்பரங்குன்றம் கொண்டு போயி பூஜை போட்டுட்டு வந்தோம். வீட்டு வாசல்ல நிறுத்தி ரேடியோ செட்ட ஆன் பண்ணி மைக்க அமுக்குனா, மீட்டர் முள்ளு எகிறிருச்சு. அப்படியே விட்டா செட்டே எரிஞ்சு போகும்.

அவ்வளவு தான். அண்ணே ஒவ்வொரு வயரா கழட்டி மாட்டுறாரு. மத்தியானம் வரைக்கும் நான் அவரத் திட்ட, அவரு செட்டு செஞ்சவனத் திட்ட... ஒண்ணும் பிடிபடல.

வாசல்ல வீல்சேர்ல இருந்த அப்பா குலுங்கிக் குலுங்கி ஆடுறாரு. அய்யய்யோ என்னமோ ஆகிருச்சுன்னு ஓடிப் போயி பாத்தா... சிரிக்கிறாரு! இடது கை ஆன்டெனாவக் காட்டுது.

பாத்தா, ஆன்டெனா அடியில இருக்குற காயில், அதான் அந்தக் கம்பிச் சுருள் மேல நம்ம அண்ணே சந்தனத்த அப்பி குங்குமம் வச்சிருக்காரு. போதாததுக்கு ஈரக் கதம்பத்த உச்சி வரைக்கும் சுத்தி விட்டிருக்காரு. கண்ணு பட்டுருமாம்! அந்த ஈரத்துல ஆன்டெனா எப்படிங்க வேலை செய்யும்?

"ஏன்யா, இத மொதல்லயே சொல்லக் கூடாதா?"ன்னு அப்பாவப் பாத்துக் கேட்டுட்டு, அண்ணே நாக்கக் கடிச்சுக்கிட்டாரு. அப்பாவுக்கு அதுக்கும் சிரிப்பு. படுத்ததுல இருந்து அவரு சிரிச்சு அன்னைக்குத் தான் பாத்தேன்.

கட்சுக்குக் கிளம்புனேன். காலைல ஏழு மணிக்குப் பேசுறதுன்னு ஏற்பாடு. அம்மாவுக்கு அந்த செட்டத் தொடவே பயம். அண்ணே தான் தினமும் கடை தொறக்குறதுக்கு முந்தி வீட்டுக்கு வந்து, அப்பா பக்கத்துல உக்காந்து செட்டப் போட்டாரு.

அங்க போயி மூணு நாள் பேசியும் ஒண்ணுமே கேக்கல. அப்பா சாப்பாட்டத் தள்ளி விடுறாருன்னு அம்மா போன்ல அழுதாங்க. நான் வண்டியத் திருப்பிரலாம்னே நெனச்சேன்.

அன்னைக்கு ராத்திரி அண்ணே போன். "அந்த ரோட்டுல ஆட்டி எடுத்திருக்கும் தாயி. பிராக்கெட்டுக்கு அடியில எர்த் போல்ட்டு லூசாயிருக்கும், பாரு. பாக்காம திரும்பி வந்த, வண்டிய என் கடைப் பக்கம் கொண்டு வராத."

விடிஞ்சதும் ஸ்பேனரோட அடியில புகுந்தேன். விரலால சுத்துற அளவுக்கு லூசு.

டைட் பண்ணிட்டு ஏழு மணிக்குக் கூப்பிட்டேன். இரைச்சல்... இரைச்சல்... நடுவுல ஒரு சத்தம்.

"தாயி! ஐயாவுக்குக் கேட்டுருச்சு தாயி! அழுகுறாக... இல்ல இல்ல, சிரிக்கிறாக! பேசு, பேசு, நிறுத்தாத!"

என்னத்தப் பேச. ஸ்டியரிங்ல சாஞ்சு ஓன்னு அழுதேன்.

நான் திரும்பி வந்து மூணாம் மாசம் அப்பா போயிட்டாரு.

இன்னைக்குக் காலைல எங்க ரேடியோ ஆளுங்க வழக்கமா கூடுற நேரத்துல நானும் செட்டப் போட்டேன். எங்கள்ல ஒருத்தர் தவறிட்டா அவரு கால்சைன், அதாவது லைசென்ஸ்ல குடுக்குற அடையாளப் பேரச் சொல்லி, ஒரு நிமிஷம் எல்லாரும் சும்மா இருக்குறது எங்க வழக்கம்.

ஒருத்தர் தவறிட்டாருன்னு சொன்னேன். பெங்களூர்ல இருந்து இந்தக் கூட்டத்த நடத்துற பெரியவரு "கால்சைன் சொல்லுங்கம்மா"ன்னாரு.

"கால்சைன் இல்ல சார். லைசென்ஸே இல்ல. எலக்ட்ரீசியன்... எங்கப்பா கடைசியா என் குரல ரேடியோல கேட்டது அவரால தான்."

முடியாதுன்னு தான் சொல்லப் போறாருன்னு நெனச்சேன்.

"அப்ப பேரச் சொல்லுங்கம்மா."

சொன்னேன். அவரு கன்னட வாயில "முத்துப்பாண்டி, மதுரை"ன்னு ரெண்டு தடவ நிறுத்திச் சொன்னாரு. அப்புறம் ஒரு நிமிஷம்... எந்த ஊர்ல இருந்தும் ஒருத்தரும் மைக்க அமுக்கல.

போயிட்டு வாங்கண்ணே.