பல்லி சொன்ன மாப்பிள்ளை

என் சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு வாரமாக ‘ச்சு ச்சு’ என்கிறது. கேட்கும்போதெல்லாம் என் விரல் தானாக மேசையைத் தட்டிவிடுகிறது. சிறு வயதில் பெக்கோக் ஊரில் நாங்கள் இருந்த வீட்டில் ஒட்டிக்கொண்ட பழக்கம்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பெக்கான் நானாஸில், அன்னாசித் தொழிற்சாலையில் மெஷின் பழுதுபார்க்கும் வேலை. வடை பொரித்த புகையை ஜன்னல் ஃபேன் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு மட்டும் மனம் வரவில்லை.

“நல்ல பையனாத்தான் தெரியுது,” என்றார் அம்மா.

‘ச்சு ச்சு.’

அம்மா உடனே மேசையைத் தட்டினார். “பாத்தீங்களா, பல்லியே சொல்லிடுச்சு.”

பல்லி சொன்னபின் மறுத்துப் பேசும் வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. அப்பா சரி என்றுவிட்டார். நான் சுவரெல்லாம் தேடினேன், ஒரு பல்லியும் இல்லை. மாப்பிள்ளை மட்டும் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுவீட்டுக்கு வந்தபோது அவர் பையில் ஸ்பேனரும், ஃபேன் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புது புஷ்ஷும் இருந்தன. அன்றோடு பல்லி வாயை மூடிக்கொண்டது. அம்மா அதை ரொம்ப நாள் தேடினார்.

இன்று என் ஃபேனை நிறுத்திவிட்டு, சித்தப்பா இறக்கையை விரலால் அசைத்துப் பார்த்தார்.

“ஆடுது பாரு. புஷ் தேஞ்சிருச்சு. எண்ணெ ஊத்தி பிரயோஜனம் இல்ல, மாத்தணும் லா.”

“அன்னைக்கே உங்களுக்குத் தெரியும்தானே சித்தப்பா? ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா உங்கப்பா யோசிச்சிருப்பாரு.”

தேநீரோடு வந்த சித்தி, “அன்னைக்கே மாத்தியிருக்கணும்,” என்றார்.

எதை என்று சித்தப்பா கேட்கவில்லை.