ஊற்றுப் பள்ளத்தில் தட்டான் குஞ்சுகள்

ஆரப்பாளையத்தை ஒட்டி வைகை வற்றிக் கிடந்த பங்குனி அது. சலவைக்காரர் ஒருவர் துணி அலசுவதற்காகக் கரையோரம் ஒரு பள்ளம் தோண்டியிருந்தார். பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்திவந்த நான், தினமும் காலை ஆறு மணிக்கு அதன் ஓரத்தில் உட்கார்ந்து, கண்டதை நோட்டில் குறித்துவந்தேன்.

சேற்றில் பதுங்கியிருக்கும் தட்டான் குஞ்சுகள், முகத்தின் கீழ் மடித்து வைத்திருக்கும் உதட்டைச் சட்டென்று நீட்டிக் கொசுப்புழுக்களைப் பிடித்துத் தின்னும். முற்றிய குஞ்சு கோரைத் தண்டில் ஏறும். முதுகு வெடித்து, வெளிறிய தட்டான் ஒன்று வெளியே வரும். சிறகு உலர்ந்து அது பறந்த பிறகு, தண்டில் ஒட்டியிருக்கும் வெற்றுத் தோல்களை எண்ணிக்கொள்வேன்.

அப்போது முனிசிபாலிட்டியார் கொசுப்புழு கண்ட பள்ளங்களில் மண்ணெண்ணெய் ஊற்றிவந்தார்கள். வேறெங்கே தோண்டினாலும் ஈர மணல்தான் வந்தது. இந்தப் பள்ளத்தில் எண்ணெய் விழுந்தால் சலவைக்காரருக்கு அந்தக் கோடையில் வேலை இல்லை. குஞ்சுகள் தின்றுவிடுவதால் புழு மிஞ்சாத பள்ளம் என்று எனக்குத் தெரியும். "திங்கட்கிழமை சுகாதார மேஸ்திரி வாராராம். பள்ளத்தைச் சுத்தமா வச்சிருங்க" என்று மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, ஒரு கல்யாணத்துக்காக அலங்காநல்லூர் போய் நான்கு நாள் தங்கிவிட்டேன்.

திங்கள் காலை வந்து பார்த்தால், பள்ளத்தில் கோரை ஒன்றுகூட இல்லை. அள்ளிக் கொட்டிய சேறு கரையில் காய்ந்து கிடந்தது.

"பாத்தீகளா சார், கண்ணாடி கணக்கா இருக்கு! அம்புட்டுப் பூச்சியையும் வழிச்சு எறிஞ்சுட்டேன்" என்றார் சலவைக்காரர்.

சுகாதார மேஸ்திரி நீளக் காம்புக் கரண்டியால் ஒரு முறைதான் மொண்டார். அதில் பத்தொன்பது கொசுப்புழுக்கள் நெளிந்தன.

"கண்ணாடிக்குள்ள நல்லா நீச்சலடிக்குதுண்ணே" என்று சிரித்தார்.

சுத்தம் என்று நான் பொதுவாகச் சொன்னதுதான் தவறு என்றேன். நோட்டைக் காட்டி விளக்கினேன்.

"நீங்க எழுதினதைக் கொசு படிக்குமா சார்? சரி, வியாழக்கிழமை வாரேன். ஒரு புழு இருந்தாலும் ஊத்திருவேன்."

அன்று மாலையே நானும் சலவைக்காரரும் பழைய வேட்டி ஒன்றை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, மேற்கே துணி அலச உதவாமல் பாசி பிடித்துத் தேங்கியிருந்த ஒரு குட்டையின் ஓரத்தை அரித்தோம். முப்பத்தேழு குஞ்சுகள் கிடைத்தன. சட்டியில் இருந்தவற்றைப் பார்த்து அவர் முகம் சுளித்தார்.

"இந்த அசிங்கத்தையா சார் மறுபடி உள்ள விடணும்? அள்ளிப் போட்டு இன்னும் இடுப்பு வலி போகலை."

"விடுங்க. கோரையும் நாலு பிடுங்கி நட்டுருங்க."

வியாழனன்று மேஸ்திரி பத்து இடத்தில் மொண்டார். ஒன்பது கரண்டியிலும் வெறும் தண்ணீர். பத்தாவதில் மட்டும் ஏதோ துள்ளியது. எண்ணெய் டின் அவர் காலருகே தயாராக இருந்தது.

"இது என்னடா சனியன், ஆறு காலோட?"

"அது நம்ம ஆளுண்ணே" என்றார் சலவைக்காரர், சட்டென்று. "பதனமா உள்ள விடுங்க."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு கரண்டியைத் தண்ணீருக்குள் மெல்லச் சாய்த்தார்.