பத்தரைக்கு முன்னால் ஏறிய பெட்டிகள்

ஜான்சியால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சிதம்பரத்தில் கடலூர் பஸ் ஏறினால், புதுச்சத்திரம் வருவதற்குள் பையை மடியில் வைப்பாள், கீழே வைப்பாள், ஜன்னலைத் திறப்பாள், மூடுவாள். தினமும் பக்கத்து சீட்டில் வரும் எனக்குத்தான் அவதி. அன்றைக்குப் போனும் சேர்ந்துகொண்டது. இங்கிலீஷில் எதையோ அடிக்கிறாள், அழிக்கிறாள், மறுபடி அடிக்கிறாள்.

"என்னடி ஆச்சு ஒனக்கு?"

"தப்பு யாரோடதுன்னு எழுதணும்க்கா. எப்படி எழுதறதுன்னு தெரியல."

மஞ்சக்குப்பத்தில் ஒரு சின்ன முந்திரி ஏற்றுமதிக் கம்பெனியில் அவளுக்கு வேலை. வெளிநாட்டுக்கு மெயில் எழுதுவது அவள்தான். சரக்கு ஏற்றும் நாளில் அண்ணாகிராமம் பக்கத்து ஷெட்டுக்குப் போய், பெட்டிகளைத் திறந்து பார்த்துச் சரி சொல்வதும் அவள்தான். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை லாரி லேட். பத்தரைக்கு ராகு காலம். முதலாளி ஜெயப்பிரகாஷ் எல்லாவற்றுக்கும் நேரம் பார்ப்பவர். "பாத்தது போதும்மா, ஏத்தச் சொல்லு" என்று அவசரப்படுத்தினார். இவளும் தலையாட்டிவிட்டாள். சுவரோரம் தனியாக அடுக்கி வைத்திருந்த உடைசல் பருப்புப் பெட்டிகளும் முழுப் பருப்போடு சேர்ந்து கப்பல் ஏறிவிட்டன. ராகுவுக்குப் பயந்து சனியை ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

இப்போது சரக்கு வாங்கிய டென்மார்க்காரன் கேட்கிறான். 'ஹாய் ஜான்சி' என்று பக்கத்து வீட்டுக்காரன்போல எழுதுகிற ஆள். இதற்கு யார் பொறுப்பு என்று ஒரே வரியில் கேட்டிருந்தான்.

முதலாளி சொல்லிக் கொடுத்த பதில், கோட்டு சூட்டு போட்ட இங்கிலீஷ். நிகழ்ந்த தவறுக்கு வருந்துகிறோம், பொறுப்பான ஊழியர் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்பட்டுள்ளது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது உண்மையாக வேண்டுமென்றால் ஓர் ஊழியர் வேண்டுமே. பெட்டிக்கு டேப் ஒட்டுகிற மலர்க்கொடியை அவர் யோசித்து வைத்திருந்தார். "மெயில் போனதும் நாளைலேந்து வர வேணாம்னு சொல்லிடலாம்" என்றாராம். உடைசலைத் தனியாக அடுக்கி வைத்ததே அந்த மலர்க்கொடிதான்.

"அவர் சொன்னதையே எழுதிட்டுப் போயேன். ஒனக்கு எதுக்கு வம்பு?" என்றேன். முறைத்தாள். அவள் முறைப்பதற்கு முன்னாலேயே எனக்கு வெட்கமாகிவிட்டது.

'மை பேட்' என்று அடித்தாள். காலேஜ் பிள்ளைகள் டீயைக் கொட்டிவிட்டுச் சொல்வது. ஒரு கன்டெய்னருக்கு அது தாங்குமா? அழித்தாள். 'ஐ டேக் ஃபுல் ரெஸ்பான்சிபிலிட்டி' என்றாள். ராஜினாமா செய்கிற மந்திரிபோல இருந்தது. அதுவும் போயிற்று.

"நம்மூர்ல 'தப்பு நடந்துபோச்சு'ன்னு சொல்லிடுவோம்ல?"

"அதான்க்கா, யார் நடத்துனதுன்னு கேக்கறான்." போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "வேல போயிட்டா என்னக்கா பண்ணுவேன்? பயமா இருக்கு."

எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

ஆலப்பாக்கம் தாண்டியபோது 'தட்ஸ் ஆன் மீ' என்று அடித்தாள். அந்தத் தப்பு என் தலையில்தான். நான் திறந்து பார்க்காமல் சரி சொன்னேன், இனி நான் பார்க்காமல் ஒரு பெட்டியும் ஏறாது என்றும் சேர்த்தாள். முதலாளிக்கும் ஒரு காப்பி போட்டு அனுப்பிவிட்டாள். பிறகு பையை மடியில் வைத்தாள், கீழே வைத்தாள்.

கடலூர் வருவதற்குள் முதலாளியின் போன். திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் கேட்டது வேறு.

"ராகு காலத்தையும் எழுதிட்டியாம்மா?"

"இல்ல சார். நான் பாக்கலன்னு மட்டுந்தான் எழுதினேன்."

போனை வைத்துவிட்டார். மறுநாள் மலர்க்கொடி எப்போதும்போல வேலைக்கு வந்தாள். ஒன்றும் தெரியாமல் இவளுக்கு ஒரு முழம் கனகாம்பரம் கொடுத்தாளாம்.

அடுத்த லோடும் வெள்ளிக்கிழமையே வந்தது. அன்றும் லாரி லேட்டாம். ஜான்சி ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து பருப்பைக் கையில் கொட்டிப் பார்க்க, மணி பத்தரையை நெருங்கியது. முதலாளி வாசலுக்கும் லாரிக்கும் நடந்தார். கடைசியில் பக்கத்தில் வந்து நின்றார்.

"ஏத்தலாமா ஜான்சி?"

ஏற்றலாமா என்று அவர் அவளிடம் கேட்டது அதுதான் முதல் தடவை.

"இன்னும் பாக்கல சார்."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், காருக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பத்தரை தாண்டியது. இந்த லோடுக்கு ஏதாவது ஆனால், எந்த இங்கிலீஷில் எழுதினாலும் அது ஜான்சி தலையில்தான். அடுத்த பெட்டியைத் திறந்தாள்.