வெடக்கோழி பார்த்து வைத்த இடம்

கல்யாணமான இரண்டாம் வருஷம் என் கணவருக்கு ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர் வேலை கிடைத்தது. நான் ஓமலூர்ப் பக்கத்துக்காரி. வெயிலில் பிறந்து வெயிலில் வளர்ந்தவள். கிளியூர் போகும் வழியில் சரிவை ஒட்டி எங்களுக்கு ஓர் ஓட்டு வீடு அமைந்தது. காலை ஏழு மணிக்கு அவர் கிளம்பிவிட்டால் சாயங்காலம் ஐந்து வரை நான் தனி. சில நாள் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வந்து அடுப்படி வரை போகும். எனக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவே அது மெல்ல நகர்வதைப் பாயில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். பேச ஆளில்லாத அந்த நாட்களில் எது நடந்தது, எது நானாக நினைத்துக்கொண்டது என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனதுண்டு.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சந்தையில் ஆறு கோழிக்குஞ்சுகள் வாங்கி, பிஸ்கட் அட்டைப்பெட்டியில் போட்டு மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். "வளத்திருவயா அம்மிணி?" என்று மட்டும் கணவர் கேட்டார். குளிருக்கு ஒன்று செத்தது. இரண்டைப் பருந்து தூக்கிப் போனது. தை மாதம் மூன்று மிஞ்சின. ஒன்று சேவல். மற்ற இரண்டும் வெடக்கோழிகள், இன்னும் முட்டை வைக்காத இளம் பெட்டைகள். ஒன்று செவலை, ஒன்று சாம்பல்.

எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் இன்னொரு வீடு இருந்தது. தலைமுறைகளாக மலையிலேயே இருக்கும் குடும்பம். கொஞ்சம் காபி, நாலு ஆரஞ்சு மரம், வரிசையாக நின்ற சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி. புருஷனும் பெண்டாட்டியும் மட்டும்தான். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் அவர்களை அக்கா, அண்ணன் என்பேன். மாசியில் மிளகு பறிக்க ஒற்றை மூங்கில் ஏணியில் ஏறிய அண்ணன் மேலேயிருந்து விழுந்துவிட்டார். தொடை எலும்பு முறிந்தது. சேலத்துக்கு ஜீப்பில் கொண்டுபோய் மாவுக்கட்டுப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள்.

நான் ஒரே ஒரு தடவை ரொட்டி வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார். ரொட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பிறகு குழாயடியில் அக்காவைப் பார்க்கும்போது விசாரிப்பதோடு சரி.

"அண்ணனுக்கு இப்ப எப்படிங்கக்கா?"

"கெடக்கறாரு கண்ணு. வலி இல்லைங்கறாரு. ஆனா பேச்சே இல்ல. சோறு வெச்சா திங்கறாரு, எடுத்தா விட்டர்றாரு. நான் வேலைக்குப் போயிட்டு வர்ற வரைக்கும் செவுத்தத்தான் பாத்துட்டுக் கெடக்கறாரு."

பங்குனி பாதியில் நல்ல மழை ஒன்று பெய்தது. பத்து நாளில் காபிச் செடிகள் ஒரே நேரத்தில் பூத்தன. கிளை தெரியாமல் வெள்ளை. மல்லிகை மாதிரி ஒரு வாசனை வீட்டுக்குள்ளும் வெளியிலும் நின்றது; சோறு, துணி, தலையணை எல்லாவற்றிலும் அதே வாசனை. அந்தச் சமயத்தில்தான் என் கோழிகளும் மாறின.

முதலில் கொண்டை சிவந்தது. வெளிறிக் கிடந்தது நாளுக்கு நாள் செம்பருத்தி நிறத்துக்கு வந்தது. முதுகில் கை வைத்தால் ஓடாமல் இறக்கையை லேசாக விரித்து அப்படியே பதுங்கி உட்கார்ந்தன. அப்புறம் ஒரு சத்தம். கொக்கரிப்பு இல்லை; தொண்டைக்குள்ளேயே இழுத்து இழுத்துக் கேட்கிற கேள்வி மாதிரி. அப்படிக் கேறிக்கொண்டே இரண்டும் வீடெல்லாம் சுற்றின. விறகுக்குப் பின்னால், சாக்கு மூட்டைக்கு மேல், என் துணிப்பெட்டிக்குள், எல்லா இடத்திலும் தலையை நுழைத்து ஒற்றைக் கண்ணால் பார்த்தன. சாம்பல்தான் ரொம்பச் சிரமப்பட்டது. ஓர் இடத்தில் உட்காரும், எழுந்துவிடும், மார்பால் அழுத்திப் பார்க்கும், பிடிக்காமல் இறங்கிவிடும். நான் ஒரு கூடையில் காய்ந்த புல்லைப் போட்டு, மேலே பழைய சேலையை மடித்து வைத்துக் காட்டினேன். அது என்னையும் கூடையையும் பார்த்துவிட்டு வெளியே போயிற்று.

செவலை சொன்ன பேச்சுக் கேட்டது. சித்திரை பிறந்து மூன்றாம் நாள் மத்தியானம் கூடையில் ஒரு முட்டை கிடந்தது. சிறியது. எலுமிச்சம்பழத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். பழுப்பு ஓட்டில் மெல்லிய நூல் மாதிரி ஒரு ரத்தக் கோடு. எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டேன். அவ்வளவு சூடு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சாயங்காலம் கணவர் வந்ததும் அவர் கையில் கொடுத்தேன். அவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத எப்படி அம்மிணி திங்கறது?"

அன்றைக்கு நாங்கள் அதைத் தின்னவில்லை. ராகிப் பானைக்குள் புதைத்து வைத்தோம்.

ஆனால் சாம்பல் முட்டை வைக்கவே இல்லை. தேடுவதையும் நிறுத்திவிட்டது. காலை பத்து மணிக்குக் காணாமல் போகும். பதினொன்றரைக்கு வேலிப் பக்கமிருந்து ஊரைக் கூட்டிக் கொக்கரித்தபடி வரும். அந்தச் சத்தத்தில் சந்தேகமே இல்லை; எங்கேயோ வைத்துவிட்டுத்தான் வருகிறது. செடிக்கடியில் தேடினேன், கல் இடுக்கில் தேடினேன். கீரியோ பாம்போ குடித்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் காலையில் அதன் பின்னாலேயே போனேன்.

நல்ல மூட்டம். கையை நீட்டினால் விரல் மங்கலாகத் தெரியும். கோழி அவசரமே படவில்லை. இரண்டு எட்டு வைக்கும், எதையாவது கொத்தும், நிற்கும். நானும் நின்றேன். வேலியில் ஓர் ஓட்டை வழியாக அது நுழைந்தது. நான் சுற்றிக்கொண்டு போனேன். காபிச் செடிகளுக்கு நடுவே பூக்கள் உதிர்ந்து தரையும் வெள்ளை, மேலேயும் வெள்ளை. அதில் சாம்பல் நிறக் கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? தொலைத்துவிட்டேன். எந்தப் பக்கம் என் வீடு என்றுகூடத் தெரியாமல் அந்த வாசனைக்குள் நின்றுகொண்டிருந்தேன். அப்போது, மிக அருகில், சாணி மெழுகிய தரையில் நகம் கீறும் சத்தம் கேட்டது. நான் நின்றது அக்கா வீட்டுப் பின்வாசலில்.

எட்டிப் பார்த்தேன். அண்ணன் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். கோழி கட்டிலுக்குக் கீழே நின்று ஒரு தடவை கேறியது. எவ்விக் கட்டில் மேல் ஏறியது. மாவுக்கட்டுப் போட்ட காலுக்கும் சுவருக்கும் நடுவே கம்பளி குழிந்திருந்த இடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது.

நான் அதைப் பிடிக்கப் போகிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"சத்தம் போடாதீங்க அம்மிணி," என்றார், மிக மெதுவாக. "இப்பத்தான் உக்காந்துச்சு."

விழுந்த பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். வாசற்படியிலேயே உட்கார்ந்தேன். கோழியின் கண் பாதி மூடியிருந்தது. இறகுகள் மெல்ல உப்பின, தணிந்தன. நாங்கள் மூன்று பேரும் அப்படியே இருந்தோம். எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை; மூட்டம் வாசலைத் தாண்டி வந்து என் காலடியில் கிடந்தது. பிறகு கோழி லேசாக எழுந்து, உடம்பைக் குறுக்கி நின்றது. முட்டை ஈரமாக விழுந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதன் பளபளப்பு காய்ந்து போயிற்று.

அண்ணன் கையைக் கீழே விட்டு, கட்டிலடியில் இருந்த ராகிக் குண்டாவை இழுத்துக் காட்டினார். ராகிக்குள் பாதி புதைந்து ஐந்து முட்டைகள் இருந்தன.

"உங்கூட்டுக் கோழின்னு தெரியுங்க. குடுத்து உட்டரோணும்னுதான் நெனச்சேன். ஊட்டுக்காரிகிட்டச் சொன்னா கட்டல்ல கோழியான்னு தொரத்திப் போடுவா. அதான் சொல்லல."

"மொத முட்டையும் இங்கதானுங்களா?"

"ஆமாங்க. அன்னிக்கு அது நொம்பச் சிரமப்பட்டுருச்சு. எந்திரிக்கும், உக்காரும், வாயத் தொறந்துட்டு மூச்சு வாங்கும். என்னால அசையவும் முடியாது, என்ன பண்றதுன்னும் தெரியல. பேசிட்டே இருந்தேன்."

எனக்குச் சட்டென்று பொறாமையாக இருந்தது. ஐந்து மாதம் தீனி போட்டு, குளிருக்குச் சாக்குப் போர்த்தி வளர்த்தவள் நான். அது முதன்முதலாக முட்டை வைத்ததை வேறொருவர் பார்த்திருக்கிறார். அழுகைகூட வந்தது என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள். அவர் முட்டைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார். "இருக்கட்டுங்ணா, அப்புறமா எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த நாள் சாயங்காலம் அக்கா முந்தானையில் முட்டைகளோடு எங்கள் வாசலில் நின்றார். கணவர் பனியனைத் தேடி உள்ளே ஓடினார். அக்கா குண்டாவில் ராகி எடுக்கப் போனபோது முட்டைகள் அகப்பட்டுவிட்டன போலிருந்தது.

"மனசுல ஒண்ணும் வெச்சுக்காத கண்ணு. கம்பளியில எச்சம் கெடந்துது, நான் எலின்னுல்ல நெனச்சேன். இதென்ன கூத்துன்னு கேட்டனா," என்று ஆரம்பித்தவர் நிறுத்தி, மூக்கைத் துடைத்துக்கொண்டார். "கோழி எந்நேரத்துக்கு வருது, எப்படிச் சுத்துது, அத்தனையும் சொல்றாரு. ரெண்டு மாசத்துல எங்கிட்ட இத்தன பேச்சுப் பேசுனதில்ல."

"அப்ப, கோழி அங்கயே வரட்டுங்க்கா," என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது என்றாலும், சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. முட்டைகளை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தேன்.

அதன்பிறகு நானும் பத்து மணிக்கு அங்கே போக ஆரம்பித்தேன். வாசற்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வேன், அரிசி புடைப்பேன். கோழி வந்து உட்கார்ந்ததும் அண்ணனும் நானும் பேச்சை நிறுத்திவிடுவோம். அது எழுந்து கொக்கரிக்கத் தொடங்கியதும் மறுபடி பேசுவோம். முட்டைகள் ஒவ்வொன்றாகப் பெரிதாகிக்கொண்டு வந்ததை அவர்தான் கவனித்துச் சொன்னார்.

சித்திரைக் கடைசியில் ஒரு நாள் கோழி எழுந்திருக்கவில்லை. கை வைத்தால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வந்தது. அடைக்கு உட்கார்ந்துவிட்டது. பொழுது சாயும் நேரத்தில் அக்கா அதை மெல்லத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் ஒரு கூடையில், எட்டு முட்டைகளின் மேல் உட்கார வைத்தார். அது ஏற்றுக்கொண்டது. நடுவில் அண்ணனை மறுபடி சேலத்துக்குக் கூட்டிப் போய் மாவுக்கட்டை வெட்டி எடுத்தார்கள். ஜீப் வந்து நின்ற பிறகும், கூடைக்குப் பக்கத்தில் தண்ணீர் வைத்தாயிற்றா என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறினார்.

வைகாசியில் சேர்வராயன் கோயில் நோம்பி, வருஷத் திருவிழா, வந்தது. அக்கா போக யோசித்தார். அண்ணன்தான் பிடிவாதமாக அனுப்பி வைத்தார். மத்தியானச் சோற்றுக்கு நான் இருப்பதாகச் சொன்னேன். என் கணவரும் எஸ்டேட் ஆட்களோடு மேலே கோயிலுக்குப் போய்விட்டார். சுற்றுவட்டாரத்தில் அண்ணனையும் என்னையும் தவிர யாரும் இல்லை போலிருந்தது. மூட்டத்துக்கு அப்பால் மேளம் கேட்டது. ஒரு நேரம் பக்கத்தில் அடிப்பது மாதிரி, ஒரு நேரம் அடியோடு இல்லாதது மாதிரி. அந்த மேளத்துக்கு நடுவே கட்டிலடியிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் வந்தது.

அண்ணன் எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். மாவுக்கட்டுக்குள் மூன்று மாதம் இருந்த கால் வெளுத்து, மெலிந்து, வேறு யாருடைய காலோ மாதிரி இருந்தது. அதைத் தரையில் ஊன்றாமல் தொங்கவிட்டுக்கொண்டார்.

"அதுகிட்ட அன்னிக்கு என்னங்ணா பேசுனீங்க?" என்று கேட்டேன். ரொம்ப நாளாகக் கேட்க நினைத்தது.

அவர் கம்பளியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"மரத்தப் பத்திச் சொன்னேன். ஏணி வழுக்கறதுக்கு முன்னாலயே எனக்குப் பயம் வந்துருச்சுங்க. நாப்பது வருசமா ஏறுன மரம். அன்னிக்கு மேல போனதும் கையிக் காலெல்லாம் நடுங்கிப் போச்சு. இனி நான் ஏற மாட்டேன்னு அதுகிட்டச் சொன்னேன். மனுசங்ககிட்ட எப்படிங்க சொல்றது?"

"இப்ப எங்கிட்டச் சொல்லிட்டீங்களே."

"ஆமா," என்றார். பிறகு, "ஊட்டுக்காரிகிட்டயும் சொல்லிப் போட்டேன். ஏறாட்டிப் போச்சாது, அதனால என்னன்னுட்டா," என்றார்.

அன்றைக்குப் பொழுது சாய்வதற்குள் ஆறு குஞ்சுகள் பொரித்தன. இரண்டு முட்டை கூமுட்டை. கோழி இறக்கையைத் தூக்கியபோது ஈரம் காயாத ஒன்று தத்தித் தத்தி வெளியே வந்து, தரைக்கு மேலே தொங்கிய அவருடைய பாதத்தின் நிழலில் நின்றது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு, அதன் மேல் பட்டுவிடாமல் சற்றுத் தள்ளி, அந்தக் காலை மெதுவாகத் தரையில் வைத்தார்.