தலையில் சூடாத பிச்சிப்பூ

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஒப்புக்குத்தான் நடக்கும். பாறசாலைக்குப் பக்கத்தில், தென்னந்தோப்புக்குள், மாதாகோயிலை ஒட்டினாற்போல் இருந்த சின்னப் பள்ளி அது. கோயில் சிலருக்குச் சொந்தம், பள்ளி எல்லோருக்கும் சொந்தம். பரீட்சை ஒரு பக்கம் கிடக்க, தலைமையாசிரியையான சிஸ்டர் வாசல் கரும்பலகையில் வரப்போகிறவற்றை வண்ணச் சாக்பீஸால் எழுதிப்போடுவார். நட்சத்திரம் செய்யும் போட்டி, கரோல் பாட்டு, பெற்றோர் கூட்டம், கிறிஸ்துமஸ் நாடகம், கடைசியில் கேக். ஒரு வரி மலையாளம், அதன் கீழே தமிழ். நாங்கள் இரண்டையும் உரக்க வாசித்துவிட்டு, கேக் என்று எழுதிய வரியிலேயே வந்து நிற்போம்.

நான் மூன்றாம் வகுப்பில் படித்த வருடம் நாடகத்தில் மாதா வேடம் எனக்கு வந்தது. எங்கள் வீடு அந்தியில் விளக்கு வைத்து முருகனைக் கும்பிடுகிற வீடு. தலைமுடி நீளம் என்பதுதான் எனக்கிருந்த ஒரே தகுதி. யோசேப்பாக வந்தவன் பழைய மிஷன் சபைக்காரர் வீட்டுப் பையன். கோயிலுக்குத் தவறாமல் வருகிற கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கோ ஆடும் ஒட்டகமும்தான் மிஞ்சின. அதைப் பற்றி அவர்களுக்கு உள்ளூர வருத்தம் இருந்திருக்கும்.

அப்போது அம்மை நிறைமாதமாக இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பிள்ளை பிறந்துவிடும் என்று வீட்டில் பேசிக்கொண்டார்கள். தம்பிதான் என்று முடிவுசெய்தது நான். வேடம் கிடைத்த அன்றே சிஸ்டரிடம் போய், நாடகத்துக்குப் பொம்மை வேண்டாம், எங்கள் தம்பியையே உண்ணியேசுவாகக் கொண்டுவருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் குழந்தை இயேசுவுக்கு அதுதான் செல்லப்பெயர். சிஸ்டர் சிரித்தார்.

"சரி மோளே, அவன் முதல்ல வரட்டும். அதுக்குள்ள நீ கட்டில் ஒருக்கி வை."

அவர் தயார்செய்து வைக்கச் சொன்ன கட்டில், வராந்தாவில் இருந்த கிறிஸ்துமஸ் புல்கூடு. மூங்கிலும் ஓலையுமாக ஒரு சின்னத் தொழுவம், அதன் நடுவில் வெறும் மரத்தொட்டில், பக்கத்தில் ஒரு கட்டு வைக்கோல். ஒரு நல்ல காரியம் செய்தவர்கள், அல்லது ஆசைப்பட்ட ஒன்றை விட்டுக்கொடுத்தவர்கள், ஒரு வைக்கோலை எடுத்துத் தொட்டிலில் போடலாம். பிள்ளை வந்து படுக்கும்போது முதுகில் மரம் உறுத்தக் கூடாது. வருடாவருடம் நடக்கிற வழக்கம்தான் இது. மற்ற பிள்ளைகள் உண்ணியேசுவுக்குப் போட்டார்கள், நான் தம்பிக்குப் போட்டேன்.

மத்தியானம் சோற்றோடு தருகிற முட்டையை யோசேப்புக்குக் கொடுத்தேன். அவன் முகம் கோணாமல் வாங்கிக்கொண்டான். தன்னால்தான் எனக்குப் புண்ணியம் கிடைக்கிறது என்ற பெருமிதம் வேறு. வீட்டில் மீன் வேண்டாம் என்றேன். சண்டை போட்டவளிடம் நானே போய்ப் பேசினேன். தொட்டிலில் வைக்கோல் ஏறிக்கொண்டே வந்தது. கையை வைத்து அழுத்திப் பார்ப்பேன். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று தோன்றும்.

ஒரு நாள் பள்ளி விட்டு வந்தபோது வீடு பூட்டியிருந்தது. அம்மையை நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சாப்பிட்டு, அங்கேயே தூங்கினேன். சில நாட்கள் கழித்து அம்மை திரும்பி வந்தாள். கூடவே காஞ்சிரங்குளத்திலிருந்து மாமி வந்தாள். மாமி என்றால் அப்பாவின் அக்காள். தம்பி மட்டும் வரவில்லை.

பிறக்கும்போதே அவனுக்கு உயிரில்லை என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும், என்னைத் தவிர. அம்மையின் வயிறு வற்றியிருந்தது. "தம்பி எங்க?" என்று கேட்டேன். அம்மை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அப்பா செருப்பைத் தேடிக்கொண்டு முற்றத்தில் இறங்கினார். மாமிதான் வாய்க்கு வந்ததைச் சொன்னாள்.

"ஆஸ்பத்திரியில உண்டு மக்கா. பிறவு வருவான்."

எனக்கு அது போதுமானதாக இருந்தது. நாடகத்துக்கு நேரே அங்கிருந்தே கொண்டுவருவார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டேன். மறுநாளும் முட்டையை யோசேப்புக்கே கொடுத்தேன்.

அந்த நாட்களில் எனக்குப் புரியாதது ஒன்றுதான். அப்பா காலையிலேயே உதியன்குளங்கரைக்குப் போய் வாழையிலைப் பொதியில் பிச்சிப்பூ வாங்கி வருவார். பூவுக்கு ஆசைப்படுகிற வீடல்ல எங்களுடையது. விசேஷ நாட்களில் ஒரு முழம் வந்தால் அதிகம். இப்போது பொதிபொதியாக வந்தது. மாமி அதை வாங்கி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். வெளியே வரும்போது பொதி காலியாக இருக்கும். அம்மையின் தலையிலோ ஒரு பூ இருக்காது. ஆனால் அவள் பக்கத்தில் போனாலே மணக்கும். சாயங்காலம் கொல்லைப்புறத்தில் வாடிய பூ குவியலாகக் கிடக்கும்.

மாதா வேடத்துக்குத் தலையில் வைக்க ஒரு துண்டுப் பூ கேட்டேன்.

"அது தலையில வைக்கியதுக்கு உள்ளதில்ல பிள்ளே," என்றாள் மாமி.

"பின்ன என்னத்துக்கு?"

"மருந்தாக்கும். போய்ப் படி."

பூ எங்கேயாவது மருந்தாகுமா? எனக்குத் தராமல் இருக்க மாமி கட்டிய கதை அது என்று நினைத்தேன். அவள்மேல் எனக்குக் கோபமான கோபம்.

சிஸ்டர் ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மையின் கையைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். மறுநாள் என்னைக் கூப்பிட்டு, நாடகத்துக்குக் கோயிலில் இருக்கும் உண்ணியேசு சொரூபத்தை எடுத்துக்கொள்ளலாம் என்றார். நான் அழுதேன். யோசேப்பின் வீட்டிலிருந்தும் ஆள் வந்தது. அவர்கள் சபையில் சிலை வணக்கம் கிடையாது. பையன் நடிப்பதில் ஆட்சேபம் இல்லை, சொரூபத்தின் முன்னால் முழங்கால் போட மட்டும் விடமாட்டோம் என்றார்கள். உயிருள்ள பிள்ளைக்கு முன்னால் போடலாமாம். கடைசியில், பள்ளியில் சோறு வைக்கிற சேச்சியின் கைக்குழந்தைப் பேரனைக் கொண்டுவருவது என்று தீர்மானமாயிற்று. யோசேப்புக்குச் சரி, எனக்கும் அழுகை நிற்கும். பிள்ளை பெற்ற உடம்புக்காரி வாசற்படி தாண்டி வரமாட்டாள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அம்மை அந்தப் பிள்ளையைப் பார்க்க நேராது என்ற தைரியத்தில்தான் சிஸ்டரும் சம்மதித்திருக்க வேண்டும்.

ஆனால் நான் வீட்டில் சோறுண்ணாமல் கிடந்தேன். எல்லோர் வீட்டிலிருந்தும் அம்மை வருவாள், என் அம்மை மட்டும் வரமாட்டாளா என்று முரண்டு பிடித்தேன். அம்மை எழுந்து உட்கார்ந்தாள்.

"வாறேன் மக்கா. எனக்க மவ மாதா வேஷம் போடியத நான் பாக்காண்டாமா?"

"பச்ச ஒடம்பாக்கும். போவாண்டாம் கேட்டியா," என்று மாமி தடுத்தாள்.

"எவ்வளவு நாள்தான் இந்த சுவரைப் பாத்துட்டுக் கிடக்க?" என்றாள் அம்மை. நாடகத்தன்று காலையிலும் பூப்பொதியோடு கதவு சாத்தப்பட்டது.

பள்ளி முற்றத்தில் மேடை போட்டிருந்தார்கள். நீலத் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு நான் நின்றேன். அம்மை எல்லோருக்கும் பின்னால், பலாமரத்தடியில் ஒரு நாற்காலியில் இருந்தாள். வைக்கோல் நிறைந்த தொட்டிலை மேடைக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சேச்சியின் பேரனை என் கையில் தந்தார்கள். வழுவழுவென்று, நல்ல கனமாக இருந்தான். நான் தம்பிக்குப் போட்ட வைக்கோலில் யாரோ வீட்டுப் பிள்ளையைப் படுக்க வைத்தேன். வயிற்றெரிச்சலாக இருந்தது.

பிள்ளை ஒரு நிமிடம் மேலே பார்த்தது. பிறகு வாயைத் திறந்து வீரிட்டது. யோசேப்பு பயந்துபோய் முழங்கால் போட மறந்தான். ஆடுகள் சிரித்தன. முற்றமே சிரித்தது. பசி அழுகை அது. நான் எடுத்து ஆட்ட ஆட்டக் கூடியது.

அம்மை எழுந்து நின்றதை மேடையிலிருந்து பார்த்தேன். கூட்டத்தை விலக்கிக்கொண்டு சில அடி முன்னால் வந்தாள். கை இரண்டும் நீண்டிருந்தன. சட்டென்று நின்றாள். இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டு திரும்பி, பள்ளிக்குப் பின்பக்கம் போய்விட்டாள். அதன் பிறகுதான் மூன்று ராஜாக்கள் வந்து என் முன்னால் காணிக்கை வைக்கும் நல்ல இடம். அதை அவள் பார்க்கவே இல்லை.

நாடகம் முடிந்ததும் முக்காட்டோடு ஓடினேன். சமையல் கொட்டிலுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில் அம்மை குந்தியிருந்தாள். சேலை முந்தானையும் ரவிக்கையும் தொப்பலாக நனைந்திருந்தன. காலடியில் பிச்சிப்பூ சிதறிக் கிடந்தது.

"தண்ணி கொட்டிட்டா அம்மா?"

"ஓ மக்கா. கொட்டிட்டு."

குழாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அதைக் கவனித்தேன், ஆனால் அதைவிடப் பெரிய குறை என்னிடம் இருந்தது.

"தம்பிக்கு நான் போட்டு வச்ச வைக்கோலுல வேற பிள்ளையக் கிடத்திப்போட்டாவ!"

அம்மை என் முக்காட்டைச் சரிசெய்தாள்.

"நல்லா மெத்துனு இருந்துதா மக்கா?"

"நல்ல மெத்து. முதுகு நோவாது."

அம்மை தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு முகத்தை என் வயிற்றில் புதைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளை அழுததைப் போலவே அழுதாள். நாடகத்தைப் பாதியில் விட்டுவந்த வருத்தம் என்று நினைத்து, அடுத்த வருடமும் நான்தான் மாதா என்று அவளுக்கு ஆறுதல் சொன்னேன்.

அம்மை அந்த நாளைப் பற்றிப் பிற்பாடு ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பியும் பிறகு வரவில்லை. பல வருடங்களுக்குப் பிறகு எனக்குப் பிள்ளை பிறந்த ஆஸ்பத்திரியில், அடுத்த கட்டில் பெண்ணுக்குப் பிள்ளை தங்கவில்லை. அவளுடைய தாயார் வாழையிலைப் பொதியோடு வந்து திரைச்சீலையை இழுத்துவிட்டார். பிச்சிப்பூ மணம் என் கட்டில் வரைக்கும் வந்தது. மார்பில் வைத்துக் கட்டினால் பால் வற்றும் என்று நர்ஸிடம் அவர் தாழ்ந்த குரலில் சொல்வது கேட்டது. அந்த நேரம் பார்த்து என் மகள் பசித்து அழுதாள். திரைக்கு அந்தப் பக்கம் ஒரு முனகல் எழுந்தது. நான் மகளின் வாயைக் கையால் மூட மனம் வராமல், நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டேன். எனக்கும் பால் தானாகவே இறங்கி உடுப்பெல்லாம் நனைந்தது.

குழாயடியில் அன்று எனக்கு இதெல்லாம் தெரியாது. முற்றத்தில் கேக் வெட்ட மணியடித்தார்கள். கீழே கிடந்த பூவில் வாடாததாகப் பார்த்துப் பொறுக்கினேன். அவை ஈரமாக, கையில் ஒட்டின. மாமி தராத பூ கடைசியில் கிடைத்துவிட்டது. அம்மை தடுக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றைத் தலையில் செருகிக்கொண்டு நான் கேக் வாங்க ஓடினேன்.